தலைவருக்கு ஐம்பது கிலோமீட்டர்

மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்பது, அன்றைக்கு முதல் வரிசையில் உட்காரும் பெரிய மனிதரைப் பொறுத்தது. பெரிய மனிதரைக் கிட்டத்தில் இறக்கிவிடுவது மரியாதையில்லை. ஆகவே விமானம் மேலே ஏறியதும், கூட வந்தவர்கள் பொன்னாடை போர்த்துவதுபோல ஆளுக்குக் கொஞ்சம் தூரத்தை அவருக்கு அணிவிப்பார்கள். அப்படி யாரும் ஏறாத நாளில், பெல்ட்டைப் போட்டுக் கழற்றுவதற்குள் சென்னை வந்துவிடும்.

பெத்தணசாமியின் கெட்ட நேரம், அன்று ஏதோ ஒரு வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏறியிருந்தார். பெத்தணசாமி மடியில் மாலையோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். தங்கை ஒச்சம்மாளின் மகளுக்குச் சென்னையில் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் அவர்கள் வழக்கத்தில் தாலி ஏறாது. முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"தலைவருக்கு ஒன்றியத்தின் சார்பாக ஐம்பது கிலோமீட்டர்!" என்றார் ஒருவர். போட்டோ எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவன் சும்மா இருப்பானா? நூறு கொடுத்தான். இளைஞரணி அதற்கும் மேலே போனது. தெருமுனைக் கடைக்கே வண்டி எடுக்கிற ஆட்கள், தூரத்தை அள்ளி அள்ளி வீசினார்கள். சென்னை விலகிக்கொண்டே போனது.

பெத்தணசாமி மாலையோடு எழுந்து முன்னால் போனார்.

"ஐயா, தங்கச்சி மக கல்யாணங்க. நான் போய்த்தான் மாலை போடணும். கொஞ்சம் தூரத்தத் திருப்பிக் குடுத்துருங்களேன்."

"அன்பாக் குடுத்தத எப்படிங்க திருப்பிக் குடுக்கிறது? அவுங்க மனசு நோகும்ல," என்றார் தலைவர். இளகிய மனசுக்காரர், அடுத்தவன் செலவில் நன்றாகவே இளகுவார்.

அதற்குள் முதல் வரிசைக்குச் சென்னை வந்துவிட்டது. கௌரவம் தலைவருக்கு, பறக்க வேண்டியது மற்றவர்கள், அதுதான் முறை. பணிப்பெண் கதவைத் திறந்துவிட்டாள்.

"கவலப்படாதீங்க, உங்களுக்குப் பதிலா நான் போய் நிக்கிறேன். எத்தனை கல்யாணத்துல நின்னிருக்கேன்! மாலையக் குடுங்க," என்றார் தலைவர்.

மாலையைக் கையில் வாங்கிப் பழக்கமில்லாத அந்த மனிதர், குனிந்து கழுத்தை நீட்டினார். வேறு வழியில்லாமல் பெத்தணசாமி போட்டுவிட்டார். தலைவர் கும்பிட்டபடியே இறங்கிப் போனார். விமானம் மீதித் தூரத்தைப் பறந்தது. தூரம் கொடுத்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள்.

பெத்தணசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கைக்குப் போன் போட்டார். மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"ஒச்சம்மா, அண்ணன் பேசுறேன்."

"எங்கண்ணன் மாலையோட இங்க மேடையிலல்லவா நிக்கிறாரு. நீங்க யாருங்க?"

காய்ச்சலில் கிடந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய அண்ணன் இவர். ஊர்ப் பெயரைச் சொன்னார், அப்பா பெயரைச் சொன்னார், அந்தக் காய்ச்சலையும் சொன்னார்.

"இதெல்லாம் அவரும் சொன்னாருங்க," என்றாள் ஒச்சம்மாள்.

பெத்தணசாமி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"யாரா இருந்தாலும் கல்யாண வீட்டுக்குப் போன் போட்டுட்டீங்க. சாப்பிடாமப் போகக் கூடாது," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

பணிப்பெண் வந்து, முன்னிருக்கையின் பலகையை இறக்கி வாழை இலை போட்டாள். பெத்தணசாமி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, சாம்பார் வாளி தன் வரிசைக்கு வரட்டும் என்று காத்திருந்தார்.