சோத்தாங்கைப் பக்கம்

என் மகள் நதியா அனுப்பிய வீடியோவை இன்று பொழுது சாய்வதற்குள் ஏழெட்டு தடவை பார்த்திருப்பேன். ஒரு நிமிஷம்தான் ஓடும். காலையில் வேலைக்குப் போகும்போது வேன் ஜன்னலிலிருந்து எடுத்திருக்கிறாள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மாடி மேல் மாடியாக ஓட்டல்கள், நடுவில் வழுவழுவென்று ஒரு ரோடு. "நான் நடக்கிற ரோட்ட காட்டு காட்டுன்னு கேட்டியேம்மா, நல்லா பாத்துக்கோ. ஒரு பேய் பிசாசும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே பேசுகிறாள். வேறு யாராக இருந்தாலும் கடலைத்தான் பார்ப்பார்கள். நான் விளக்குக் கம்பங்களைப் பார்த்தேன். பெரிய ஓட்டலின் மதில் முடிகிற இடத்தில் கட்டிக்கொண்டிருந்து பாதியில் நின்றுபோன கட்டடம் ஒன்று இருக்கிறது. அதைத் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள். அந்தத் தகரத்தின் நீளத்துக்கு மூன்று கம்பம். நடுக்கம்பத்துக்குத் தலை இல்லை. ராத்திரியில் எந்த இடம் இருட்டாக இருக்கும் என்று பகலிலேயே தேடி வைத்துக்கொள்வது எனக்குப் பழகிப்போன வேலை.

பதினாறு வருஷமாக விடியற்காலை நாலரை மணிக்குச் செவிலிமேட்டிலிருந்து டவுனுக்கு நடக்கிறேன். தெருக்கூட்டும் வேலை, அதுவும் கான்ட்ராக்டில். ஐந்தரைக்குள் வார்டு ஆபீஸில் முகத்தைக் காட்டாவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. என் வீட்டுக்காரர் முனிரத்தினம் ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறார். ஆனால் ஆட்டோ முதலாளியுடையது. ராத்திரி கடைசி சவாரி முடிந்ததும் அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். ஆகவே எனக்கு நடைதான். நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம், என்னோடு ஒரே தெருவைக் கூட்டுகிற அன்னம்மாள் அக்காவின் செயினை பைக்கில் வந்த இரண்டு பேர் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். செயின் அறுவதற்குள் அக்கா பத்தடி தூரம் ரோட்டில் தேய்ந்துகொண்டு போனாள். இன்றும் குனிந்து பெருக்கும்போது அவள் கழுத்தில் அந்தக் கோடு தெரியும். அதற்குப் பிறகு எங்கள் வார்டுப் பெண்களில் ஒருத்தியும் இடது ஓரமாக நடப்பதில்லை. சோத்தாங்கைப் பக்கம்தான், வண்டிகள் முகத்துக்கு நேராக வரும்படி. எதிரே வருகிறவனுக்கு முகம் இருக்கும், கை இருக்கும். பின்னால் வருகிறவனுக்குச் சத்தம் மட்டும்தான்.

நதியா செய்வது புடவை கட்டிவிடுகிற வேலை. கல்யாணப் பெண்ணுக்குப் பட்டுப்புடவையை மடிப்பெடுத்து, அயர்ன் பண்ணி, ஊசி குத்தி, ராத்திரி வரைக்கும் கலையாதபடி கட்டிவிடுவாள். இப்போது பணம் இருக்கிறவர்கள் கல்யாணத்தையே வெளிநாட்டுக் கடற்கரையில் வைத்துக்கொள்கிறார்களாம். வியட்நாமில் அப்படி ஒரு ஊர். பெயர் என் வாயில் நுழைவதில்லை. கல்யாண சீசன் முடியும் வரைக்கும் என்று மூன்று மாதத்துக்கு ஒரு கம்பெனிக்காரர்கள் அவளைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். காலையில் பெட்டி, இஸ்திரி, சாமான்களோடு வேன் ஏற்றிக்கொள்ளும். ராத்திரி வேன் கிடையாது. வேலை முடிகிற நேரம் ஆளுக்கு ஆள் மாறும், பக்கம்தானே, நடந்து போய்விடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். ஓட்டலிலிருந்து இவர்கள் தங்கியிருக்கிற ரூமுக்கு இருபது நிமிஷ நடை. அதுதான் அந்த வீடியோவில் இருக்கிற ரோடு.

அவள் போன முதல் ஒன்றரை மாதம் நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. வெளிநாடு, வெளிச்சமாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். பத்து நாளைக்கு முன்னால் அவள் ரூமிலேயே தங்கியிருக்கிற மேக்கப் போடுகிற பெண், துர்காதேவி என்று பெயர், சேலத்துப் பக்கம், தனியாக நடந்து போகும்போது பைக்கில் வந்தவர்கள் அவள் கைப்பையை இழுத்துவிட்டார்கள். பை குறுக்காக மாட்டியிருந்ததால் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தோள்பட்டை இறங்கிவிட்டது. நதியா இதைச் சொன்ன ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் அவள் குளித்துக் கிளம்புகிற நேரம் பார்த்து, நான் குப்பைத் தள்ளுவண்டியை ஓரம் கட்டிவிட்டு, போனில் அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். பையைக் குறுக்கே மாட்டாதே. எவனாவது இழுத்தால் விட்டுவிடு, சாமான் போனால் போகட்டும். நடக்கும்போது போனைக் கையில் எடுக்காதே, வெளிச்சம் மூஞ்சியில் அடித்தால் உனக்கு எதிரில் ஒன்றும் தெரியாது, ஊருக்கெல்லாம் நீ தெரிவாய். யார் கூப்பிட்டாலும் எடுக்காதே, நானே கூப்பிட்டாலும் எடுக்காதே. ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகு "வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பு.

"அப்புறம் சோத்தாங்கைப் பக்கமாவே நட. மாத்தாத."

"ஏம்மா?"

"சொன்னா செய்டி. காரணம் சொன்னாத்தான் நடப்பியா?"

"சரி, ரைட்லயே போறேன். ரூமுக்குப் போனா ரைட்லதான் படுக்கணுமா, இல்ல லெப்ட்ல படுக்கலாமா?"

பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த அன்னம்மாள் அக்காவுக்கும் கேட்டுவிட்டது. "அவ கிண்டல் பண்ணா பண்ணட்டும், நடந்தா போதும்" என்றாள். நதியா நடந்தாள். ஊருக்கு டிக்கெட் கிடைக்கும் வரைக்கும் துர்காதேவியும் கட்டுப் போட்ட கையோடு வேலைக்குப் போய், அவளோடு சேர்ந்தே நடந்தாள். தினமும் நம் கடிகாரத்துக்கு எட்டு இருபது, எட்டு இருபத்தைந்துக்கு அந்த ஒரு வார்த்தை வந்துவிடும். அவர்களுக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஆனால் அந்த வார்த்தையைக் கூட்ட வேண்டியதில்லை, கோலம் மாதிரி முழுசாகக் கண்ணில் விழும். விழுந்த பிறகுதான் நான் சோற்றில் கை வைப்பேன்.

நேற்று நடு ராத்திரி துர்காதேவி ஊருக்கு விமானம் ஏறிவிட்டாள். இன்றைக்கு நதியா தனியாக நடக்கிற முதல் நாள்.

எட்டு மணிக்கு வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. முனிரத்தினம் கடைசியாக ஒரு ஐயம்பேட்டை சவாரி இருப்பதாகவும், அதற்கு முன்னால் இரண்டு வாய் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே வந்தார். தட்டில் போட்டுக் கொடுத்தேன். என் கையில் போனைப் பார்த்துவிட்டு, "குடு, என் பொண்ணு நடக்கிற ரோட்ட நானும் ஒரு தடவ பாக்கறேன்" என்றார். இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். கடல் வந்தது, ஓட்டல் வந்தது. வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"ஏமே, இன்னா இவனுங்க எல்லாம் ராங் சைட்ல வர்றானுங்க?"

"யாரு?"

"எல்லாரும்தான். இவ போற வேனே ராங் சைட்ல போவுது. தோ பாரு, டிரைவரு எந்தப் பக்கம் உக்காந்துகினு இருக்கான்." முதலில் இருந்து திரும்ப ஓட்டினார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அந்த ஊரு ரூலே அப்பிடி போலக்குது. நானெல்லாம் அங்க ஆட்டோ ஓட்டினேன்னு வச்சிக்கோ, மொத சவாரிலயே சங்குதான்."

நான் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஏழெட்டு தடவை பார்த்த அதே படம். கம்பத்தையும் தகரத்தையும் பார்த்தவள், ரோட்டில் போகிற வண்டியைப் பார்க்கவில்லை. எழுந்து நின்றேன். அடுப்பங்கரைச் சுவரைக் கடல் என்று வைத்துக்கொண்டேன். வேன் போகிற திசையில் திரும்பி நின்று வலது கையைத் தூக்கினேன். அந்த ஊரில் வண்டிகள் வலது பக்கமாகப் போகின்றன. வலது பக்கமாக நடக்கிறவளுக்கு எல்லா வண்டியும் முதுகுக்குப் பின்னால் வரும். திரும்பி நின்று இன்னொரு தடவை செய்து பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதேதான் வந்தது.

"இன்னாமே டான்ஸ் ஆடற?"

"நான் அவள சோத்தாங்கைப் பக்கம் நடக்கச் சொல்லிகிறேன்யா."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்தார். நான்கு நாளைக்கு முன்னால் நதியா சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. "முதுகுக்குப் பின்னாடியே வண்டிங்க வந்துக்கினு இருக்குதும்மா, உடம்பெல்லாம் கூசுது" என்றாள். அதற்கு நான், அதெல்லாம் மனசு, திரும்பித் திரும்பிப் பார்த்தால் பயந்தவள் என்று தெரிந்துவிடும், பார்க்காமல் நட என்று சொல்லியிருந்தேன். அதையும் கேட்டிருப்பாள். காரணம் சொல்லியிருந்தால் முதல் நாளே அவளே மாற்றிக்கொண்டிருப்பாள். பத்தாவது படித்த பெண், கல்யாண வீட்டில் நூறு பேருக்கு நடுவில் நின்று வேலை வாங்குகிறவள். அவளுக்குக் காரணம் எதற்கு என்று நான்தான் நினைத்தேன்.

மணி எட்டு ஏழு. ஓட்டலை விட்டு வெளியே வந்திருப்பாள். கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன். ஐந்து தடவை.

"எடுக்க மாட்டா" என்றார் முனிரத்தினம். "நீதான எடுக்காதன்னு சொல்லி வச்சிகிற."

குரலில் பேசி அனுப்பினேன். "நதியா, அம்மா சொன்னது தப்புடி. அந்தப் பக்கம் மாறிப் போ. வண்டி உனக்கு எதிர்க்க வரணும், பின்னாடி வரக் கூடாது. அதுக்குத்தான் சொன்னேன், வேற ஒண்ணுத்துக்கும் இல்ல. மாறிப் போ கண்ணு." என் குரல் எனக்கே யாரோ தெருவில் ஏலம் போடுவது மாதிரி இருந்தது. இரண்டு டிக் விழுந்தது. சாம்பல் நிறத்திலேயே நின்றது.

"பத்து நாளா அப்பிடித்தான் நடக்கறா, ஒண்ணும் ஆவலையே" என்றார் அவர்.

"பத்து நாளும் அந்தப் பொண்ணு கூட இருந்துச்சி."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வாசலில் போய் நின்றார். உள்ளே வந்தார். சவாரி ஏற வேண்டியவர்கள் போனில் கூப்பிட்டார்கள், தோ வர்றேம்பா என்றார். "நீயும் வா, வண்டில உக்காந்துக்கோ. ஐயம்பேட்டை போய்ட்டு வர்றதுக்குள்ள மெசேஜ் வந்துடும்" என்றார். உட்கார்ந்து வர என்னால் முடியாது என்றேன். அவர் ஆட்டோவைக் கிளப்பியவர், கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எட்டு இருபது ஆயிற்று. எட்டு இருபத்தைந்து. எட்டரை. இருபது நிமிஷ நடைக்கு இவ்வளவு ஆகாது. வேலை முடியத் தாமதமாகியிருக்கலாம். மணப்பெண் ஊசியைக் கழற்ற விடாமல் போட்டோவுக்கு நின்றிருக்கலாம். சார்ஜ் போயிருந்தால் மணி அடித்திருக்காது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினேன். அடுக்கினது எதுவும் நிற்கவில்லை. வீட்டுக்குள் நான்கு சுவருக்கும் நடந்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. டவுன் பக்கமாகக் கால் போயிற்று. பழக்கத்தில் ரோட்டைத் தாண்டி வலது ஓரத்துக்குப் போனவள், அங்கே கொஞ்சம் நின்றேன். திரும்பவும் தாண்டி இடது ஓரத்துக்கு வந்தேன். பதினைந்து வருஷமாக இந்த ரோட்டில் இடது ஓரமாக நான் நடந்ததில்லை. இட்லிக் கடையில் கூட்டம் இருந்தது, டவுன் பஸ்ஸில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள், ஒரு பயமும் இல்லாத நேரம்தான். ஆனாலும் முதல் பைக் பின்னால் வந்தபோது தோள் இரண்டும் தானாகக் காதுக்கு ஏறின. அதன் வெளிச்சம் என் முதுகில் விழுந்து, என் நிழலை எனக்கு முன்னால் நீளமாகப் போட்டது. நிழல் குட்டையாகிக்கொண்டே வந்து, காலுக்குக் கீழே நுழைந்து, பக்கவாட்டில் சாய்ந்து மறைந்தது. வண்டி போய்விட்டது. உடனே அடுத்தது. இது மெதுவாக வந்தது. ஏன் மெதுவாக வருகிறான் என்று தெரியாது. பள்ளமாக இருக்கலாம், வீடு பக்கத்தில் இருக்கலாம். திரும்பிப் பார்க்க வேண்டும் போல் கழுத்து இழுத்தது. பார்க்காமல் நடந்தேன். அவளிடம் அப்படித்தானே சொல்லியிருந்தேன். தகரம் எவ்வளவு நீளம் இருக்கும், இப்படி எத்தனை வண்டியை அவள் முதுகால் வாங்கியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொன்றுக்கு மேல் எண்ணிக்கை பிசகிவிட்டது.

கடைகள் முடிந்து வெளிச்சம் குறைந்த இடத்தில் கையில் போன் அதிர்ந்தது. நின்ற இடத்திலேயே நின்று பார்த்தேன். செய்தி ஒன்றும் இல்லை. முனிரத்தினம்தான் கூப்பிட்டு, நான் எடுப்பதற்குள் வைத்துவிட்டிருந்தார். நதியாவின் பக்கத்தைத் திறந்தேன். நான் அனுப்பிய குரலுக்குக் கீழே இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன. மேலே அவள் பெயருக்கு அடியில் "டைப்பிங்" என்று வந்தது. மறைந்தது. மறுபடியும் வந்தது. தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறாளா, இல்லை ஐந்து தடவை அதிர்ந்ததில் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அந்தத் தகரத்தின் ஓரமாகவே நின்று போனை எடுத்துவிட்டாளா? அப்படி எடுத்திருந்தால் அந்த வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் தெரியும். உள்ளே போடி, உள்ளே போய் எழுதுடி என்று வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் ஒரு வண்டி வேகம் குறைகிற சத்தம் கேட்டது. என் நிழல் ரோட்டின் மேல் நீண்டு கிடந்தது. போனிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. "டைப்பிங்" என்றே இருந்தது.