தள்ளிவிட்ட எண்கள்

திரையில் காடு நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வறண்ட பருவத்தில் இலையுதிர்த்து நிற்கும் காடு அப்படித்தான். உள்ளே இழுப்பதும் கொஞ்சம், வெளியே விடுவதும் கொஞ்சம். கரியமில வாயு எவ்வளவு மேலேறுகிறது, வெப்பம் எவ்வளவு மேலேறுகிறது என்று காட்டு நடுவில் நிற்கும் இரும்புக் கோபுரம் அளந்து அனுப்பும். அதை வாங்கிக் கணக்குப் போட்டு, வரும் நாட்களில் காடு எப்படி இருக்கும் என்று சொல்லும் மாடல் அக்காவுடையது. அலுவலகத்தில் எல்லோருக்குமே அவள் அக்காதான். கோபுரத்தடியில் ஒற்றை அறையில் தங்கிக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன் மட்டும் அவளுடைய சொந்தத் தம்பி. அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். பிள்ளையைக் காட்டில் தனியே கொண்டுபோய் விட்டாளென்று அம்மா இன்னும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கருவி என்றால் அவ்வப்போது கிறுக்குப் பிடிக்கும். பூச்சி உட்காரும், பறவை எச்சமிடும், தூசி படியும். உடனே வாய்க்கு வந்ததை உளறும். அதற்காக அக்கா ஒரு விதி எழுதியிருந்தாள். வறண்ட காட்டால் முடியவே முடியாத எண் வந்தால் தள்ளிவிடு, அந்த இடத்தில் போன வருடங்களின் சராசரியைப் போடு. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடாமல் யாராவது சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவார்களா? ஆனால் இந்த வாரம் ஒட்டு கொஞ்சம் அதிகம். அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தம்பியை அழைத்தாள்.

“டேய் குரங்கே, மேல இருக்குற கருவி ஒளறுது. ஏறி அந்தக் கண்ணாடியைத் தொடச்சு விடு.”

“நாளைக்கு லீவுல வீட்டுக்கு வரேன்லக்கா, வந்துட்டுப் போய்த் தொடைக்கிறேனே. இன்னிக்கு ஒரே மூட்டமா இருக்கு. எதுத்தாப்ல இருக்குற மலையே தெரியல.”

“அந்தத் தூசிதான்டா கண்ணாடியில படிஞ்சிருக்கு. சோம்பேறித்தனத்துக்குச் சாக்குச் சொல்லாத.”

“சரி, சரி. ஆனா மேல ஏறுனா போன் கீழதான் கெடக்கும். எடுக்கலன்னு அப்புறம் திட்டக் கூடாது.” சிரித்தான். “அம்மாகிட்ட நாளைக்கு வரேன்னு சொல்லிடு.”

அவள் போனை வைத்துவிட்டுத் தேநீரை எடுத்தபோது இயக்குநர் கதவருகே நின்றார். “நம்ம அறிக்கை தீயணைப்புத் துறைக்குப் போயிடுச்சும்மா. அந்தக் காட்டுல ஆபத்தே இல்லைன்னு காவலுக்கு இருந்தவங்களைக்கூட வேற பக்கம் அனுப்பிட்டாங்களாம். நல்ல காடு, சமத்துக் காடு.” அவர் போய்விட்டார்.

கருவி பழுது என்று தகவல் அனுப்ப வேண்டும். அதற்காக விதியை நீக்கிவிட்டு, தள்ளிய எண்களை மட்டும் வரவழைத்தாள். உளறல் என்றால் கண்டபடி சிதறிக் கிடக்கும். இவை வரிசையாக நின்றன. கரியமில வாயு எகிறிய நேரங்களிலெல்லாம் வெப்பமும் எகிறியிருந்தது. கோபுரத்தின் நடுவில் இருந்த இன்னொரு கருவியும் அதையேதான் சொல்லியிருந்தது. அக்கா காற்றின் திசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மேற்கிலிருந்து காற்று வந்தபோது மட்டும் எண்கள் ஏறியிருந்தன. காற்று மாறியதும் இறங்கியிருந்தன. ஒவ்வொரு முறையும் முன்பைவிட உயரமாக ஏறியிருந்தன.

தூசி படிந்த கண்ணாடிக்குத் திசை தெரியாது. காடு மேற்கே எரிந்துகொண்டிருந்தது. அது நாள்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததை அவளுடைய விதி பொறுமையாக அழித்துவிட்டு, போன வருடத்துக் காட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

தம்பியின் எண்ணை அழுத்தினாள். மணி போனது. மறுபடியும் அழுத்தினாள். “எடுடா, எடுடா, கண்ணா.” மணி போய்க்கொண்டே இருந்தது. மேசைத் தொலைபேசியில் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டாள். காத்திருக்கச் சொல்லி ஒரு குரல் இனிமையாகக் கேட்டுக்கொண்டது.

அப்போது திரையில் மேல் கருவியின் கோடு பட்டென்று அறுந்தது. யாராவது கண்ணாடியின் முன் கையை வைத்தால் அப்படித்தான் அறும். துணியை ஒரு சுற்றுச் சுற்றித் துடைக்கும் நேரம் அது வெற்றாக இருந்தது. அவள் திரையைத் தொட்டாள், அவன் கையையே தொடுவதுபோல.

கோடு திரும்பி வந்தது. துடைத்த கண்ணாடியில் ஒரு நடுக்கமும் இல்லாமல், தெளிவாக மேலே ஏறத் தொடங்கியது. அதற்குக் கீழே, காற்று வரும் திசையைக் காட்டும் சிறிய முள் மெதுவாக மேற்கே திரும்பிக்கொண்டிருந்தது.