பாடக்காவின் குரல்

ஒரு பாடம் முழுவதையும் யாரும் கதவைத் தட்டாமல் சின்னவள் வாசித்து முடித்தது அன்றைக்குத்தான்.

எட்டாம் வகுப்பு அறிவியல், செரிமானப் பாடம். 'உறிஞ்சப்பட்டு' என்ற சொல் ஒரே பத்தியில் திரும்பத் திரும்ப வந்தது. கடைசித் தடவை நாக்கு வழுக்கி, வல்லின 'ற' மெலிந்துபோனது அவளுக்கே கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் அக்காவின் காதுக்கு அது தப்பாது. ஒரு தட்டு விழும். பத்தியின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். சின்னவள் காத்திருந்தாள். தட்டு விழவில்லை. இன்றைக்கு மகாராணிக்கு மனம் இளகியிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய்விட்டாள்.

அது முன்பு சாமான் போட்டு வைத்திருந்த அறை. சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாத்தி, ஜன்னலைப் போர்வையால் அடைத்து, இரைச்சல் பதிவாகிறது என்று மின்விசிறியைக் கழற்றியே விட்டிருந்தார்கள். பாடம் முடிந்ததும் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அக்கா மேசைமேல் தலை சாய்த்திருந்தாள். ஹெட்போன் காதில் இருந்தது.

"அக்கா."

திறந்த கதவு வழியாக அந்தச் சொல் மைக்குக்கு எட்டி, கணினித் திரையில் பச்சைக் கோடு ஒன்று துள்ளி அடங்கியது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி துள்ளியது. அக்கா எழுந்திருக்கவில்லை.

மாரடைப்பு என்றார் தெருமுனை டாக்டர். "வலியே தெரிஞ்சிருக்காது," என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாராக இருக்கும்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை ஒலியாக்கித் தரும் அமைப்பு ஒன்றுக்கு அக்கா இருபது வருஷமாக வாசித்து வந்தாள். எந்தப் பாடமானாலும் முதலில் 'வணக்கம் கண்ணுங்களா' என்பாள். பார்வையில்லாத பிள்ளைகளிடம் போய் அப்படிச் சொல்லலாமா என்று ஆரம்பத்தில் யாரோ கேட்டபோது, "ஏன், நான் அவங்களைக் கண்ணுன்னுதானே சொல்றேன்?" என்று வாயை அடைத்துவிட்டாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் பாடக்கா. அந்தப் பேரைக் கேட்டால் அவள் முகம் தனியாக மலரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. மிஞ்சியது காற்றுபோல ஒரு கிசுகிசுப்பு. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள், ஒருநாள் சின்னவளைக் கூப்பிட்டு மைக் முன்னால் உட்கார வைத்தாள். ஃபோனில் பேசினால் அக்காவா தங்கையா என்று அம்மாவே குழம்பிப்போன குரல்கள் அவை.

"என் குரல் திரும்பி வர்ற வரைக்கும்," என்றாள் அக்கா காதோரமாக.

"அவங்க ஒத்துக்குவாங்களா?"

"சொல்லிட்டேன். பசங்களுக்குப் பழகின பேரு, அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க."

சின்னவள் பயணச்சீட்டு அலுவலக வேலையை விட்டாள். தெரு அடங்கியிருக்கும் காலை நேரம்தான் பதிவுக்கு ஏற்றது; அலுவலகமும் அந்த நேரத்தில்தான் திறக்கும். அவள் அதைத் தியாகமாக நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மெத்தைச் சுவர்களுக்குள் உட்கார்ந்து பூகோளமும் இலக்கணமும் வாசிப்பதுபோல வேறெதுவும் அவளுக்குப் பிடித்ததில்லை. அக்காவும் லேசில் விட்டுவிடவில்லை. "நீ வாசிக்கிறது பாடமா, ரயில் வருகை அறிவிப்பா?" என்று கிசுகிசுப்பிலேயே கிழிப்பாள். அழ வைப்பாள். பிறகு அவளே காபி கலந்து கொண்டுவந்து வைப்பாள்.

மறுநாள் காலை கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். நாற்காலிகள் தெருவரை நிரம்பியிருந்தன. அத்தான் பொத்தான்களை ஒன்று மாற்றிப் போட்டிருந்த சட்டையோடு வருகிறவர்களுக்கெல்லாம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் தலைமாட்டில் நின்றிருந்தாள்.

பத்து மணிபோல வேன் ஒன்று வந்து நின்றது. அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் முன்னால் இறங்கினார். பின்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி மாணவர்கள் வந்தார்கள். வரிசையாக அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பையன் தொட்டவன் விடாமல் அப்படியே நின்றுவிட்டான்.

ஒருங்கிணைப்பாளர் சின்னவளிடம் வந்தார். குனிந்து, அவள் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"நீங்கதானே தங்கச்சி? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா. எனக்கு எல்லாம் தெரியும். அக்கா சொல்லியிருக்காங்க."

அழுது அழுது உலர்ந்திருந்த கண் சின்னவளுக்கு மறுபடி நிறைந்தது. இத்தனை பேர் நடுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது. மூன்று வருஷத்தில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் இப்போது, இந்த இடத்தில், அது தேவையாக இருந்தது. அவள் கை கூப்பினாள்.

"உங்களுக்கு ஆபரேஷன்ல குரல் போனது, அக்காவுக்கு எவ்வளவு வேதனை தெரியுமா?" என்றார் அவர். "தங்கச்சிக்குப் பேச்சு இல்ல, வெளிய வர்றதுக்கே கூச்சப்படறா, அவளை விட்டுட்டு எங்கயும் வர முடியலைன்னு எழுதுவாங்க. விழாவுக்குக் கூப்பிட்டாக்கூட வர மாட்டாங்க. உங்களையும் பாத்துக்கிட்டு, பசங்களுக்கும் வாசிச்சுக்கிட்டு... ஃபோன்லகூடப் பேசறதில்ல, நேர்ல வந்தாலும் கிசுகிசுன்னுதான் பேசுவாங்க. பதிவுக்காகக் குரலைச் சேத்து வைக்கிறேன்னு சொல்வாங்க. யாரும்மா இப்படி இருப்பாங்க?"

அவர் அவள் தோளை மெல்லத் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். கூப்பிய கைகளைப் பிரிக்கச் சின்னவளுக்குத் தோன்றவில்லை.

ஒருமுறை ஒருங்கிணைப்பாளர் இந்த வீட்டுக்கு வந்தபோது அக்கா அவளைத் தைக்கக் கொடுத்த துணியை வாங்கி வரச் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்து சொன்னபோது, "அப்படியா, மறந்துட்டேன்," என்று அக்கா சிரித்தாள்.

அதற்குள் பிள்ளைகளில் யாரோ கேட்டிருக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் ஃபோனை உயர்த்திப் பிடித்தார். 'வணக்கம் கண்ணுங்களா. இன்னிக்கு நாம ஒரு ஆறு எங்க பிறக்குதுன்னு பாக்கப் போறோம்.' கூடம் விம்மியது. பக்கத்து வீட்டு அம்மா வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். அந்தப் பதிவு எந்த நாள் என்றுகூடச் சின்னவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவளுக்குச் சளி. 'மலையிடுக்கு' என்ற சொல்லில் மூக்கடைப்பு லேசாக எட்டிப் பார்க்கும். பார்த்தது.

அவள் சமையலறைக்குப் போனாள். அத்தான் பின்னாலேயே வந்தார். வந்த வேகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

அவர் குழாயைத் திறந்து ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தார். குடிக்கவில்லை.

"முதல்ல உண்மையத்தான் சொல்லப் போனா. எழுத உக்காந்தா, கை வரல. அந்தப் பசங்களை விட்டா அவளுக்கு என்ன இருந்துச்சு, சொல்லு?"

"சொல்லாம இருந்தா சரி அத்தான். அவ வியாதிய எதுக்கு என் தலையில கட்டணும்? என்னை ஊமைன்னு எதுக்குச் சொல்லணும்?"

"நீ என்னிக்காவது அங்க போய்ப் பேசிட்டா..." அவர் குழாயை மூடினார். "நான் சண்டை போட்டேன். ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்தா."

"மூணு வருஷம். தினமும் பக்கத்துல உக்காந்து என் மூச்சைக்கூட வெட்டி வெட்டிச் சரி பண்ணினா."

"உன்னப்போல வாசிக்க யாராலயும் முடியாதுன்னு எங்கிட்ட சொல்வா."

"எங்கிட்ட சொன்னதில்ல."

கூடத்திலிருந்து ஆறு சமவெளிக்கு இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தான் டம்ளரை மேடைமேல் வைத்தார்.

"அந்தப் பாடப் பதிவு வரிசையை இதோட நிறுத்திடறாங்களாம். பாடக்கா இடத்துல வேற குரல் வைக்க மனசு வரலன்னு சார் சொல்றாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன் சின்னி. அவளை எடுக்கற வரைக்கும் வாயத் திறக்காத. அப்புறம் நீ என்ன வேணா பண்ணு."

பாதிப் புத்தகம் இன்னும் மிச்சம் இருந்தது. சுவாசம், ரத்த ஓட்டம், எலும்புகள். நாளைக் காலை அந்த அறைக்குப் போக இனி அவளுக்குக் காரணம் இல்லை. அக்கா போய்விட்டாள், போகும்போது இதையும் எடுத்துக்கொண்டு போகிறாள். சின்னவள் அவர் வைத்த டம்ளர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். பின்கட்டு வழியாகச் சுற்றி வாசலுக்கு வந்தாள்.

வெயில் ஏறியிருந்தது. மாணவர்கள் வேனில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் சுவரைப் பிடித்தபடி, செருப்புக் குவியலில் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். சின்னவள் போய் அவள் முழங்கையைத் தொட்டாள்.

"யாரு?"

பதில் இல்லாததால் அந்தப் பெண் கையை நீட்டி, சின்னவளின் வளையலை, மணிக்கட்டைத் தடவினாள்.

"ஓ... தங்கச்சி அக்காவா? சார் சொன்னாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குப் பாடக்காவைப் பிறந்ததுலேர்ந்து தெரியும்ங்கற மாதிரி இருக்கும். நான் சிரிச்சா அவங்களும் நிறுத்திக் காத்திருக்கற மாதிரி. போன வருஷம் எனக்கு உடம்பு சரியில்லாம இருந்தப்போ, பாடமே வேணாம், சும்மா அவங்க குரலை மட்டும் போடுன்னு அம்மாகிட்ட சொல்வேன்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "என் செருப்பு நீலக் கலராம். வார்ல ஒரு பூ இருக்கும், தொட்டா தெரியும்," என்றாள்.

சின்னவள் குனிந்து தேடினாள். நீலச் செருப்பு ஒன்று மேலே கிடந்தது. இன்னொன்று யாருடைய பூட்ஸுக்கோ அடியில் நசுங்கியிருந்தது. இரண்டையும் தட்டி, சேர்த்து வைத்தாள். அந்தப் பெண் அவள் தோளில் கையூன்றிக் காலைத் தூக்கினாள். வலது கால் இடது செருப்புக்குள் போயிற்று.

வேனிலிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். அத்தான் வாசல்படியில் வந்து நின்றது சின்னவளுக்குத் தெரிந்தது.

"அது இடது செருப்பு கண்ணு," என்றாள் சின்னவள். "இன்னொரு காலை வை."

தோளில் ஊன்றியிருந்த கை இறுகியது. வேன் ஹார்ன் அடித்தது. ஒரு கால் மாற்றிப் போட்ட செருப்பிலும், இன்னொரு கால் சுடுகிற சிமெண்டுத் தரையிலுமாக அந்தப் பெண் நகராமல் நின்றாள்.