தொட்ட குதிரை

1

இந்தக் கதை ஒரு போஸ்ட் கார்டில் முடிந்திருக்க வேண்டியது.

அஞ்சல் வழியாகச் செஸ் ஆடுகிறவர்களுக்கென்று வருகிற சின்னப் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: "கார்டில் ஆடிப் பழகியவர்கள் நேரில் ஆடும்போது தேறுகிறார்களா, தேய்கிறார்களா? ஒரு கார்டில் எழுதி அனுப்பவும்." நானும் ஒரு கார்டு எடுத்தேன். "தேறுகிறார்கள், ஆனால்" என்று எழுதினேன். அந்த "ஆனால்" கார்டுக்குள் அடங்கவில்லை. ஓரத்தில் ஏறி, முகவரி எழுதும் இடத்துக்குள் நுழைந்து, கடைசியில் இந்த நோட்டுக்கு வந்துவிட்டது.

எனக்குக் கதை ஆரம்பிக்கத் தெரியாது. மூன்று முறை ஆரம்பித்தேன்.

முதலாவது: "ஓசூரில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது." (கதை நடப்பது மே மாதத்தில். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "சதுரங்கம் என்பது வாழ்க்கையைப் போல" (இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருந்தது.)

மூன்றாவது: "பவளத்துக்குப் பேச வராது." இது நிற்கட்டும்.

2

பவளத்துக்குப் பேச வராது. ஊமை இல்லை. வீட்டில் பேசுவாள், அதுவும் தேவைக்கு. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எழுந்து படிக்கச் சொன்னால் சொல் தொண்டைவரை வந்து நின்றுகொள்ளும். வகுப்பே காத்திருக்கும். முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அவள் பையை எடுக்கவில்லை. அப்பா மாரிமுத்து விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர், "நாளைக்குப் போவா, விடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். அந்த நாளை வரவே இல்லை.

(பவளம் நான் இல்லை. எனக்கு ஒரு பெண்ணைத்தான் நன்றாகத் தெரியும், அதனால் சில இடங்களில் அவள் என்னைப் போல இருப்பாள். அவளுக்கு நான் முதலில் வைத்த பெயர் தர்ஷினி. பெயர் வைத்த மறு பக்கத்திலேயே தர்ஷினி ஸ்கூட்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். உடனே பெயரை மாற்றினேன்.)

3

அஞ்சல் ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஒரு கார்டில் ஒரு நகர்த்தல். பதில் வர ஒரு வாரம் ஆகலாம். ஓர் ஆட்டம் முடிவதற்குள் தெருவில் ஒரு குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கிவிடும்.

பவளத்தின் எதிராளி அஞ்செட்டியில் இருக்கும் நஞ்சம்மா. யார், என்ன வயது, ஒன்றும் தெரியாது. பத்திரிகைக்காரர்கள் சேர்த்துவைத்த ஜோடி; மொழி விஷயம் மட்டும் சொல்லியிருந்தார்கள். நஞ்சம்மா படித்தது கன்னடம். தமிழ் பேசுவார், எழுத வராது. பவளத்துக்குக் கன்னடம் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. அதனால் கார்டில் எண்கள் மட்டும். புறப்படும் கட்டத்துக்கு இரண்டு எண், சேரும் கட்டத்துக்கு இரண்டு எண். 5254 என்றால் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் வருகிறான்.

"லாட்டரி நம்பரா வருதுன்னு போஸ்ட்மேன் கேக்குறாரு" என்றாள் அம்மா. "ஆமான்னு சொல்லிட்டேன். செஸ்சுன்னா இன்னும் நாலு கேள்வி கேப்பாரு."

நான்கு எண்ணில் என்ன பேசிவிட முடியும் என்று நினைக்காதீர்கள். நஞ்சம்மா நிதானமாக ஆடியிருந்தால் எண்கள் பொடிப்பொடியாக இருக்கும். வலை விரித்திருந்தால் எண்கள் பெரிதாக, அப்பாவி போல இருக்கும். ஒரு கார்டின் மூலையில் மஞ்சள் விரல் ரேகை இருந்தது. பவளம் அன்று பதில் கார்டின் அதே மூலையில், எண்ணெய்க் கையால், ஒரு விரலை வைத்து எடுத்தாள். அது நகர்த்தல் இல்லை. அடுத்த கார்டில் இரண்டு ரேகைகள் இருந்தன.

4

இப்போது கேள்விக்கு வருகிறேன். (கட்டுரை பிடிக்காதவர்கள் ஐந்துக்குப் போகலாம்.)

கார்டு ஆட்டம் என்ன தருகிறது? ஆழம். ஒரே நிலையைச் சோறு வடிக்கும்போதும் துணி அலசும்போதும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நேரில் ஆடுகிறவர் நான்கு நகர்த்தல் தூரம் பார்த்தால், கார்டுக்காரர் கிணற்றின் அடிவரை பார்த்திருப்பார்.

என்ன எடுத்துக்கொள்கிறது? கையை. கார்டுக்காரர் காய்களைத் தொட்டுத்தான் யோசிப்பார். ராணியை எடுத்து அங்கே வைத்து, சரியில்லை என்று திரும்ப எடுத்து, இங்கே வைத்து... யாரும் கேட்க மாட்டார்கள். கார்டில் எழுதுவதுதான் கணக்கு. நேர் ஆட்டத்தில் தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். மூளை தேறுகிறது, கை கெட்டுப்போகிறது.*

* இதையே பத்திரிகைக்கு எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் பவளம் இருந்திருக்க மாட்டாள்.

5

கிருஷ்ணகிரியில் பெண்களுக்கான செஸ் போட்டி என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அதை முதலில் பார்த்தது பவளம் இல்லை, அப்பா.

"ஒரு ஆட்டம் தாயி. ஒரே ஒரு ஆட்டம், ஒரு ஆளு முன்னாடி ஒக்காந்து ஜெயிச்சுட்டு வா. அப்பறம் ஆயுசுக்கும் நான் கார்டு வாங்கித் தாரேன்."

"ஜெயிக்கலைன்னா?"

"கார்டையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டு ரோஜாத் தோட்டத்துக்குப் பூக் கட்டப் போகணும். அங்க அம்புட்டுப் பொம்பளைக இருக்காக. ஒருத்திகிட்டயாச்சும் வாயத் தொறந்துதான ஆகணும்."

"டிரா ஆனா?"

"டிரான்னா?"

"ரெண்டு பேரும் சமம்."

அப்பா யோசித்தார். "ஜெயிக்கணும்" என்றார்.

(அப்பாவை வில்லனாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அதைச் சொல்லும்போது அவர் பவளத்தின் சீப்பை எடுத்து, அதில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரை என்ன செய்வது.)

6

போட்டி ஒரு பள்ளிக்கூட ஹாலில். மொத்தம் மூன்று சுற்று. கூட வந்த அப்பா வாசலில் நின்றுகொண்டார்.

முதல் சுற்றில் எதிரே அனிட்டா என்ற சின்னப் பெண், யூனிபார்மோடு. பவளத்துக்கு நல்ல நிலை. அடுத்தது என்ன என்று பார்க்க ராணியை எடுத்து ஒரு கட்டத்தில் வைத்தாள். சரியில்லை. திரும்ப எடுத்தாள்.

"அக்கா, தொட்டா ஆடணும்."

பவளத்துக்குப் புரியவில்லை. அந்தப் பெண் கையைத் தூக்கினாள். "சார், இந்தக்கா ராணியத் தொட்டுட்டு உட்டுட்டாங்க."

நடுவர் வந்தார். அவள் நகர்த்தல்களைக் குறித்திருந்த தாளைப் பார்த்தார். எல்லாரும் எழுத்தும் எண்ணுமாக எழுதியிருக்க, இவள் வெறும் எண்ணாக எழுதியிருந்தாள். "என்னம்மா இது, போன் நம்பரா?" பக்கத்து மேசைகள் சிரித்தன. ராணியை ஆடவைத்தார். ராணி போயிற்று, ஆட்டமும் போயிற்று.

இரண்டாவது சுற்றில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள். கை இல்லாமல் யோசிக்கவே வரவில்லை. ஜெயிக்கிற நிலை. கிணற்றின் அடிவரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசை மணியில் கொடி விழுந்தது, அவளுக்கான நேரம் முடிந்தது. தோல்வி.

(இங்கே எனக்குப் பவளத்தின் மேல் சந்தேகம். நானாக இருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன். ஏறுகிற மாதிரிதான் எழுதினேன். அப்போது யாரோ மூன்றாம் சுற்றுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். அவள் பெயருக்கு எதிரே அஞ்செட்டி நஞ்சம்மா என்றிருந்தது. பவளம் இறங்கிவிட்டாள். நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.)

7

சாப்பாட்டு நேரத்தில் நஞ்சம்மாவைக் கண்டுபிடித்ததும் அப்பாதான். யாரைக் கண்டாலும் ஊர் கேட்டுவிடுகிற மனிதர். நாற்பதைத் தாண்டிய, அகலமான கையுள்ள பெண். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாராம். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"பவளம்னா நீயா? ஹவுதா, நெஜமா?" நஞ்சம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நானு யாரோ ரிட்டயர்டு வாத்தியாருன்னு நெனச்சு மரியாதையா ஆடிட்டு இருந்தேனே."

பவளம் சிரித்தாள்.

"பேச மாட்டா" என்றார் அப்பா. "கார்டுலதான் எல்லாம்."

"கார்டுல ஜாஸ்தியே பேசுவா. போன மாசம் என் யானைய வெட்டுனா பாருங்க, அது வாயாடிப் பொண்ணு செய்யிற வேலை."

பவளம் டிபன் பாக்ஸைக் கழுவக் குழாய்க்குப் போனாள். அங்கிருந்து பார்த்தாள்: அப்பா குனிந்து ஏதோ சொல்கிறார். நஞ்சம்மா கேட்கிறார். பிறகு நஞ்சம்மா திரும்பி இவளைப் பார்க்கிறார்.

என்ன சொன்னார் என்று பவளத்துக்குக் கேட்கவில்லை. ஆனால் அப்பாவை அவளுக்குத் தெரியும். அவர் வயிற்றில் எதுவும் தங்காது. ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு கிடையாது என்பதைத்தான் சொல்லியிருப்பார்.

8

மூன்றாவது சுற்று. இருவருமே தாளில் வெறும் எண்களாக எழுதினார்கள். முதல் சில நகர்த்தலிலேயே நஞ்சம்மா ஒரு காயை எடுத்து வைத்துப் பார்த்துத் திரும்ப வைத்தார். பவளம் நடுவரைக் கூப்பிடவில்லை. பவளத்தின் கை தானாகப் போய் மந்திரியை எடுத்தது, வைத்தது. நஞ்சம்மாவும் கூப்பிடவில்லை. சோற்றுப் பருக்கையை எடுத்துப் பதம் பார்ப்பது போல நஞ்சம்மா காய்களைச் சட்டென்று எடுத்துச் சட்டென்று வைத்தார். ஹாலில் அந்த மேசை மட்டும் வீடு மாதிரி இருந்தது. முதன்முறையாக ஒரு மனுஷி முன்னால் உட்கார்ந்து பவளத்துக்கு யோசிக்க வந்தது.

கடைசியில் இப்படி நின்றது. பவளத்தின் சிப்பாய் ஒருவன் ராணியாக ஒரே கட்டம்தான் பாக்கி. அந்தக் கட்டத்தை நஞ்சம்மாவின் குதிரை காவல் காக்கிறது. குதிரை நிற்கும்வரை ஆட்டம் டிரா. குதிரை எங்கே அசைந்தாலும் சிப்பாய் ராணி; பவளம் ஜெயித்தாள்.

நஞ்சம்மா குதிரையைத் தூக்கினார்.

இந்த முறை சட்டென்று வைக்கவில்லை. காற்றிலேயே பிடித்துக்கொண்டு பவளத்தைப் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தி, மணியை அழுத்தினார்.

விதி இது: எதிராளி தொட்டுவிட்டு விட்டதை முறையிடலாம். ஆனால் நீ உன் காயைத் தொடுவதற்கு முன்னால் முறையிட வேண்டும். காலையில் அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணுக்காக நடுவர் விளக்கியிருந்தார். இப்போது அவர் ஹாலின் அந்த மூலையில் நிற்கிறார், பார்க்கவில்லை.

நஞ்சம்மா பழக்கத்தில் தொட்டாரா, கொடுப்பதற்காகத் தொட்டாரா? எழுதுகிற எனக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை. அந்தப் பார்வையை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் அந்த முகத்துக்குப் பொருந்தின.

9

பவளம் நடுவரைக் கூப்பிட்டால்: குதிரை நகர்ந்தே ஆக வேண்டும். சிப்பாய் ராணியாகும். அப்பா வாசலில் நின்று, செஸ்ஸில் கை தட்டக் கூடாது என்று தெரியாமல், தட்டுவார். கார்டு வாங்கித் தருவார். அதை அஞ்செட்டிக்கு அனுப்பலாம். பழக்கத்தில் தொட்டிருந்தால், நம்பி விட்ட கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தது போல. பதில் வருமா?

கூப்பிடாமல் ஆடினால்: டிரா. ரோஜாத் தோட்டம். கார்டுகள் பரணில். கொடுக்கத்தான் தொட்டிருந்தால், இலையில் போட்ட சோற்றைத் தள்ளிவைத்தது போல. அதற்குமேல் எழுதக் கார்டும் இருக்காது.

"தெரிஞ்சுதான் தொட்டீங்களாக்கா?" என்று அவள் கேட்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அவ்வளவு நீளமான வாக்கியம் பவளத்தின் வாயில் உட்காரவில்லை. எத்தனை முறை எழுதினாலும் என் குரலில்தான் கேட்கிறது. ஆகவே

மணி ஓடுகிறது.

"ஏன் ஒக்காந்திருக்கே? ஆடும்மா" என்கிறார் நஞ்சம்மா, மெதுவாக.

பவளத்தின் இரண்டு கைகளும் மடியில் இருக்கின்றன. எதையும் தொடவில்லை. அவள் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"                    " என்றாள்.

அந்த இடத்தில் ஒரு சொல்தான் கொள்ளும். "சார்" கொள்ளும். "அக்கா"வும் கொள்ளும். இரண்டையும் நான் பென்சிலில் எழுதி எழுதி அழித்துவிட்டேன். தாள் அங்கே மெலிந்துவிட்டது. நீங்கள் எழுதும்போது அழுத்தாமல் எழுதுங்கள்.