நடுவில் நீ

அந்த ஊரில் காலைப் பேப்பரின் குறுக்கெழுத்துப் புதிரில் எந்தச் சாப்பாட்டைக் கண்டுபிடிக்கிறார்களோ, அதுதான் அன்று அடுப்பில் இருக்கும். விடை வராத வீட்டில் சட்டி காலியாகக் கிடக்கும்.

அருளப்பன் வீட்டில் கட்டங்களை நிரப்புவது அவர் மனைவி செலின். "கதவைச் சாத்து, தின்னலாம்" என்று வந்தால், கண்ணாடியைக்கூட மாட்டாமல் 'அடை' என்று எழுதிவிடுவாள். எழுதி முடிப்பதற்குள் கல்லில் முறுகும் வாசம் வந்துவிடும். அருளப்பன் தட்டோடு உட்காருவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

செலின் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாள் அருளப்பன் தானே பேப்பரை விரித்தார். "மனம் தெளியாதே, சோற்றில் ஊற்று. நான்கு எழுத்து." வெகுநேரம் யோசித்துக் 'கலங்கு' என்று எழுதினார். சட்டியில் வாய்க்கால் தண்ணீர் போலக் கலங்கல் நின்றது. அதைக் குடித்தார்.

பக்கத்து வீட்டு நாகவல்லிக்குப் பொறுக்கவில்லை.

"அது குழம்பு அண்ணாச்சி. நாளைக்கு நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. அடுத்தவங்க சொன்ன விடையில உப்பு ஒட்டாது."

ஊரறிந்த விஷயம். அவள் வற்புறுத்தவில்லை.

வயிறு முதுகோடு ஒட்டிய ஒரு காலையில், "நடுவில் நீ இருந்தால் குடிக்கலாம். மூன்று எழுத்து" என்று வந்தது. அருளப்பனுக்கு உடனே புரிந்துவிட்டது. தேநீர். அவராகக் கண்டுபிடித்த முதல் சொல். முதல் கட்டத்தில் 'தே' எழுதினார். கடைசியில் 'ர்' எழுதினார். நடுவில் 'நீ' எழுதப் பேனா ஓடவில்லை. இல்லாதவளை இருப்பதாக எப்படி எழுதுவது? கட்டத்தை வெறுமையாக விட்டார்.

அடுப்படியில் தேர் நின்றது. கலசம் கூரை ஓட்டைப் பெயர்த்திருந்தது.

நாகவல்லி எட்டிப் பார்த்தாள். "ஒத்தையில இழுக்க முடியாது அண்ணாச்சி. ஆளுகளைக் கூப்பிடுறேன். எங்க கொண்டுபோகணும்?"

"அவகிட்ட."

சுவரை இடித்து, ஊர் கூடி வடம் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்தார்கள். சக்கரங்கள் செலினின் மண்மேட்டுக்கு இருபுறமும் உருண்டன. அவள் சரியாக நடுவில் வந்ததும் தேரைக் காணோம். மண்மேட்டின் மேல் ஆவி பறக்க ஒரு டம்ளர் தேநீர் இருந்தது.

"ஆறிடும், குடிங்க" என்றாள் நாகவல்லி.

அருளப்பன் தரையில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். செலின் எழுதிய தேநீர் மாதிரி இல்லை. முழுவதையும் குடித்தார்.