விறகு வேண்டாத வீடு

1

இந்தக் கதை பெருமையில் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லடாக்கில், எங்கள் ஊர் மேட்டில், மின்கம்பி வராத இடத்தில் குன்ஸேஸ் ஒரு வீடு வரைந்தாள். அதன் சுவருக்கு மண் இடித்தவர்களில் நானும் ஒருவன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. நடுநிலையோடு எழுத மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: “பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு…”

(அடித்துவிட்டேன். பனியை வாரி எறிந்தவன் இப்படி எழுத மாட்டான்.)

இன்னொன்று: தெற்கே முழுக்கக் கண்ணாடி. வடக்கே சன்னலில்லாத தடித்த மண்சுவர். பகலில் வாங்கிய வெயிலைச் சுவர் ராத்திரி திருப்பிக் கொடுக்கும். விளக்குக்குக் கூரையில் சோலார் பேனல். அடுப்பு சமையலுக்கு மட்டும்.

குன்ஸேஸின் கணவன் துண்டுப். அவன் அண்ணன் சோஸ்பெல் கறாராகச் சொல்லியிருந்தார்: புது வீடு ஒரு குளிர்காலம் தாங்காவிட்டால் இருவரும் அவர் வீட்டுக்கே திரும்ப வேண்டும்.

3

தை பிறக்கும் குளிரிலும் வீடு கதகதப்பாக இருந்தது. ஆனால் பொழுது சாய்ந்ததும் விளக்கு செத்தது. சோஸ்பெல் வந்து உட்கார்ந்தார்.

“வெதுவெதுன்னுதான் இருக்கு தம்பி. பேசுறது நீயா உன் பொண்டாட்டியான்னுதான் தெரியல.”

“பேட்டரி புதுசு, அச்சோலே. பழகணும்,” என்றான் துண்டுப். அண்ணனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“பழகட்டும். அதுவரைக்கும் நம்ம வீட்டுல வந்து படுங்க.”

குன்ஸேஸ் இருட்டில் அவர் கையைத் தேடித் தேநீரை வைத்தாள்.

4

மறுநாள் பேனலில் பனி தள்ள நானும் குன்ஸேஸும் கூரைக்கு ஏறினோம். நல்ல வெயில். பேனலில் பாதி நிழல். தெற்குக் கைப்பிடிச் சுவர் நெடுக, இடுப்புயரத்துக்கு விறகுக் கட்டு.

(கூரை விளிம்பில் விறகு இருந்தால்தான் எங்கள் ஊரில் அது வீடு. துண்டுப் கோடையில் அடுக்கியபோது வெயில் உச்சியில் நின்றது. இப்போது மலையோரம் தவழ்ந்து விறகின் நிழலைப் பேனல் மேல் போடுகிறது; பேட்டரி நிறைவதில்லை. வரைந்தவளும் தினமும் பார்த்தாள்தான். கூரை விறகு எங்கள் யார் கண்ணிலும் உறுத்தாது.)

முந்தைய பிரதியில் துண்டுப்பை முட்டாளாக்கியிருந்தேன். தப்பு. ரோட்டில் போகிறவர்கள் “வெறுங்கூரை, பாவம்” என்றதைக் கேட்டு, அவளுக்காகத்தான் சுமந்து ஏற்றினான்.

5

“எறக்கினா ஊரு சிரிக்குமே,” என்றான் துண்டுப்.

“சிரிக்கட்டும். உள்ள வந்து சிரிக்கச் சொல்லு. வெளிய குளிரும்,” என்றாள் குன்ஸேஸ்.

அவன் முதல் கட்டைத் தோளில் தூக்கினான்.

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் அதை வடக்குச் சுவரோரம் இறக்குகிறான். இன்னொன்றில் நேரே அண்ணன் வாசலில் கொண்டுபோய்ப் போடுகிறான்: “உங்களுக்குத்தான் வேணும், அச்சோலே.”

நான் சாட்சி சொல்லப் போவதில்லை. கட்டு அவன் தோளில்தான் இருக்கிறது. எங்கே போட என்று நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம். அது கனமான கட்டு.