எழுதி முடிந்த தாள்

இந்த ஊரில் மரம் சிவக்கத் தொடங்கினால் போதும், எல்லோருக்கும் கற்பனை ஊறத் தொடங்கிவிடும். எங்கள் ஆட்களும் விதிவிலக்கில்லை. ஒக்டோபர் முதலாம் சனிக்கிழமை ஒரு வான் வண்டியில் பத்துப் பேர் ஏறி, புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, இரண்டு மணித்தியாலம் வடக்கே ஓடி, ஏதாவது ஒரு மரத்துக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அப்படிப் போன ஒரு பயணத்தில்தான் இமெல்டா அக்கா என்னைக் கேட்டார். "நிரஞ்சனி, நீர் கதை எழுதின ஆள். உமக்கு இதைப் பார்க்க ஒண்டும் வரேல்லையோ?" எனக்கு வந்தது சளி. அடுத்த நாள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வந்தது.

இலையுதிர்காலம் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் "குளிர் தொடங்குது" என்போம். அதற்குள் எல்லாம் அடங்கிவிடும். மகள் ஜெயனிக்குப் போன வருடச் சப்பாத்து காலுக்குக் காணாது. ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் ஒட்ட வேண்டும். சின்னவனுக்குக் காதுக்குள் குத்து வரும். ஐந்து மணிக்கு முன்னமே இருட்டும். இந்தப் பருவத்தில் மனிதருக்குள் இருக்கிற கலை தானாக வெளியே வரும் என்று வானொலியில் ஒருவர் உருகி உருகிச் சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்று நினைக்கிறேன், அல்லது பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

ஆனாலும் அந்த வருடம், இரண்டாயிரத்து ஆறில், நான் ஒரு கதை எழுதினேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு எழுதிய கதை. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது இரண்டு கதைகள் அச்சில் வந்தன. அதற்குப் பிறகு இடப்பெயர்வு, கலியாணம், விசா, பிள்ளைப்பேறு என்று ஒவ்வொன்றாக வந்தன. எழுதாமல் இருப்பதற்கு எல்லாமே நல்ல காரணங்கள்தான். நல்ல காரணங்கள் இருந்தால் கவலை குறையும் என்று நினைத்திருந்தேன், குறையவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது கிறகரி அண்ணை வந்தார். கிறிஸ்மஸுக்கு எங்கள் கோயில் பங்கு வெளியிடுகிற நத்தார் மலருக்கு அவர்தான் ஆசிரியர். "தங்கச்சி, மலருக்கு ஒரு கதை தாருமன். நாலு பக்கம் உமக்கெண்டு வைச்சிருக்கிறன். ஒக்டோபர் முடியிறதுக்குள்ள தாரும்" என்றார். அவர் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இப்படிக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாலு பக்கம் என்று திட்டமாகச் சொன்னார் பாருங்கள், அந்த நாலு பக்கத்தை நான் நம்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அருமைநாதனுக்கு ஓர் அச்சகத்தில் பின்னேர வேலை. காலை பத்து மணி வரைக்கும் படுத்திருப்பார். ஜெயனியைப் பாலர் வகுப்பில் விட்டுவிட்டு வந்தால், ஒன்பது மணிக்குச் சின்னவன் டனிஸ்ரன் நித்திரையாவான். அவனுக்கு ஒன்றரை வயது. ஒன்பது நாற்பதுக்கு எழும்பிவிடுவான். அந்த நாற்பது நிமிடம் என்னுடையது என்று தீர்மானித்தேன். நான் தீர்மானித்தது மற்றவர்களுக்குத் தெரியாது. ஒன்பதே காலுக்கு இமெல்டா அக்கா தொலைபேசி எடுத்து, முதல் நாள் செபக் கூட்டத்தில் யார் வரவில்லை என்று சொல்லுவார். பருப்பு பொங்கும். கீழ்வீட்டுக்காரி மணியடித்து, உங்கள் தண்ணீர்க்குழாய் எங்கள் சுவரில் ஒழுகுகிறது என்பாள். ஆண்பிள்ளை ஒருவர் எழுத உட்கார்ந்தால் வீடே மெல்லமாகக் கதைக்கும். நான் உட்கார்ந்தால், சும்மாதானே இருக்கிறாள் என்று தொலைபேசிக்குக்கூடத் தெரிந்துவிடும்.

மூன்று வசனம் எழுதினால் அது நல்ல நாள். நாலாவது வசனத்தின் நடுவில் பால் முடிந்தது ஞாபகம் வரும். மறந்துவிடுவேன் என்று அதே தாளின் ஓரத்தில் பால், சின்னவனுக்குப் பம்பர்ஸ், வெங்காயம் என்று குறித்துவைப்பேன். அதற்குள் அந்த நாலாவது வசனம் போய்விடும். அடுத்த நாள் வேறொரு நாலாவது வசனம் எழுதுவேன்.

தாள் எல்லாம் அவர் கொண்டுவந்ததுதான். அச்சகத்தில் அச்சுப் பிழைத்துப்போனவை. ஒரு பக்கத்தில் மருந்துப் பெட்டிப் படம் அரைகுறையாக விழுந்திருக்கும், மற்றப் பக்கம் வெள்ளை. கட்டாகச் சமையலறையில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் கிடக்கும். எழுதியதை மேலேயும் எழுதாததைக் கீழேயும் வைத்திருந்தேன்.

கதை பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண். இறங்க வேண்டிய இடம் வருகிறது. அவள் மணியை அழுத்தவில்லை. அடுத்த தரிப்பிலும் அழுத்தவில்லை. அவ்வளவுதான். வீட்டில் அடிக்கிற புருஷன் இல்லை, ஓடிப்போகக் காதலன் இல்லை, அவளுக்கு இறங்க மனமில்லை. ஏன் என்று நான் இருபத்தாறு தாளில் எழுதியிருந்தேன். ஒரு வியாழக்கிழமை முடித்தேன். முடித்து முதலிலிருந்து வாசித்தேன். நான் நினைத்தது நினைத்தபடி தாளில் இருந்தது. எனக்கு அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. சந்தோஷத்தில் டனிஸ்ரனைத் தூக்கிச் சுற்றினேன், அவன் பயந்து அழுதான். இனித் திருத்தமாகப் பார்த்து எழுதுவது மட்டும்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை விடிய அவனுக்குக் காய்ச்சல். பதிவில்லாமல் பார்க்கிற கிளினிக்கில் கதவு திறக்க முன்னமே வரிசையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நம்பர் கிடைக்காது. ஆறரைக்கு அவனைப் போர்த்துத் தூக்கிக்கொண்டு போனேன். ஜெயனியை வெளிக்கிடுத்திப் பள்ளிக்கு அனுப்பியது அருமைநாதன். சனி, ஞாயிறு முழுக்கக் காய்ச்சல் மருந்தும் ஈரத் துணியுமாகப் போனது. நான் லாச்சியைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் திறந்தேன். மேலே வெள்ளைத் தாள். கீழேயும் வெள்ளைத் தாள். கட்டு முழுவதையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாகப் பிரட்டினேன். மற்ற லாச்சிகளைப் பார்த்தேன். குப்பை வாளியைப் பார்த்தேன். பிறகு போய் அவரை எழுப்பினேன்.

"என்னப்பா, லாச்சிக்குள்ள இருந்த தாளெல்லாம் எங்க?"

"ரீச்சர் கேட்டு எழுதியிருந்தவா. வெள்ளிக்கிழமை ஜெயனியிட்டக் குடுத்துவிட்டனான்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"எதைக் குடுத்துவிட்டனீங்கள்?"

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். எழும்பி இருந்தார். "வெறும் தாளில நான் கை வைக்கேல்லை. நீர் எழுதிறதுக்கு வேணுமெண்டு எனக்குத் தெரியாதே? எழுதி முடிஞ்ச தாளைத்தான் குடுத்தனான்."

அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. என்னைப் பற்றி யோசித்துத்தான் செய்திருக்கிறார். அச்சகத்தில் வெறும் தாள்தான் சரக்கு, அதைப் பத்திரப்படுத்த வேண்டும். எழுத்து விழுந்த தாள் வெளியே போகிற தாள்.

"அது கதையப்பா" என்றேன்.

"கதையோ? ஓரத்தில பால், வெங்காயம் எண்டு கிடந்துது. நான் சாமான் லிஸ்ற் எண்டெல்லோ நினைச்சன்."

ஆசிரியை எழுதிய கடிதம் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை கைவேலைக்கு வீட்டிலிருந்து 'ஃபெய்' கொண்டுவரவும் என்று பிரெஞ்சில் ஒரு வரி. பிரெஞ்சில் மரத்து இலைக்கும் எழுதுகிற தாளுக்கும் சொல் ஒன்றுதான். ஆசிரியை கேட்டது வீட்டு வாசலில் கொட்டிக் கிடந்த இலையை. அருமைநாதனுக்கு அந்தச் சொல் அச்சகத்தில் மட்டும்தான் பழக்கம். ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் ஃபெய் அவர் கையால் போகும், ஒன்றிலும் காம்பு இல்லை. தமிழிலும் ஒரு காலத்தில் ஓலை என்றால் இரண்டும்தான் என்று சொல்லி ஒருவரும் என்னை ஆற்ற வர வேண்டாம். அவரை இரண்டு அடி அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கிற அளவுக்கு அவர் பிழை செய்யவில்லை, எனக்கு அதுதான் இன்னும் கோபம்.

டனிஸ்ரனைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். வழியெல்லாம் இலை. சில்லுக்குள் சிக்கிச் சிக்கி வண்டி போகவில்லை. காலால் உதைத்துத் தள்ளினேன்.

பாலர் வகுப்புக்கு வெளியே சுவரில் கபில நிறக் கடதாசியில் பெரிய மரம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். கிளை நிறைய இலை. மேப்பிள் வடிவத்தில் வெட்டி, சிவப்பும் மஞ்சளும் செம்மஞ்சளும் பூசிய இலை. தண்ணீர்ச் சாயத்துக்குக் கீழே என்னுடைய எழுத்து தெரிந்தது. மை சில இடத்தில் ஊறியிருந்தது. கிட்டப் போய் வாசித்தேன். ஓர் இலையில் "யை அழுத்தவி" என்று இருந்தது. இன்னொன்றில் "அவளுக்கு அது" என்று இருந்தது, அதற்குப் பிறகு கத்தரிக்கோல். ஒன்றில் வெங்காயம் மட்டும் முழுதாக இருந்தது.

ஆசிரியை வெளியே வந்தார். நல்ல பெண், இளம் வயது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் முற்றத்து இலையைத்தான் கொண்டுவந்தார்களாம், அது இரண்டு நாளில் காய்ந்து நொறுங்கிவிடுமாம், உங்கள் வீட்டிலிருந்து மட்டும் எழுத்துப் போட்ட தாள் வந்ததாம், எவ்வளவு அழகான எழுத்து, எவ்வளவு அழகான யோசனை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதாம், நீங்கள் கற்பனை வளம் உள்ளவர்" என்றார். பிரெஞ்சில் அந்த வசனம் எனக்கு ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது.

வெட்டி மிஞ்சிய துண்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். பழைய கடதாசி வண்டி காலையில் வந்து எடுத்துப் போய்விட்டது என்றார். வகுப்பில் இருபது பிள்ளைகள். மிஞ்சிய ஆறு தாளையும் வீணாக்காமல் சின்ன இலைகளாக வெட்டிக் கீழே உதிர்ந்து கிடப்பது போல ஒட்டியிருந்தார்.

அப்போது ஜெயனி என்னைக் கண்டுவிட்டு ஓடிவந்தாள். பின்னால் இரண்டு சிநேகிதிகள். சுவரைக் காட்டி அவர்களிடம் பிரெஞ்சில் என்னவோ சொல்லிவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எல்லாம் உங்கட எழுத்தெண்டு சொன்னனான்" என்றாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆசிரியையிடம் நடந்ததைச் சொல்ல என்னிடம் பிரெஞ்சும் இருந்தது, ஆங்கிலமும் இருந்தது. ஜெயனியின் முகத்தைப் பார்த்தேன். "வடிவாயிருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அருமைநாதன் கதவுக்கு வெளியே நின்று, "இன்னொருக்கா எழுதுமன், உம்மட தலைக்குள்ள இருக்குந்தானே" என்றார். நியாயமான பேச்சு. அடுத்த நாள் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். அவர் இமெல்டா அக்காவுக்குச் சொல்லித் தொலைபேசியைக்கூட நிற்பாட்டி வைத்திருந்தார். பருப்பைத் தான் பார்க்கிறேன் என்றார். வெறும் தாள் வேண்டிய அளவு இருந்தது.

ஒன்றும் வரவில்லை. பஸ் வந்தது, பெண் வந்தாள், மணி வந்தது. ஏன் இறங்கவில்லை என்பது வரவில்லை. மூன்று மூன்று வசனமாக எழுதிய கதை அது. ஒவ்வொரு நாளும் முதல் நாள் எழுதியதை வாசித்து, அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்ததை எழுதியிருக்கிறேன். முழுக் கதையும் ஒருநாளும் என் தலைக்குள் இருந்ததில்லை. தலைக்குள் இருந்தது பால், பம்பர்ஸ், வெங்காயம். அவை இப்போதும் இருந்தன. நாலு நாள் முயன்றேன். ஐந்தாம் நாள் அவர் பருப்பைப் பார்க்க எழும்பியபோது, படுங்கோ, நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாதக் கடைசியில் ஒரு காலை கிறகரி அண்ணை தொலைபேசி எடுத்தார். நடந்ததைச் சொல்லலாம். சொன்னால் சிரிப்பார். வருகிற ஞாயிறு கோயில் மண்டபத்தில் தேநீரோடு அந்தக் கதை எல்லோருக்கும் போகும், பத்து வருடத்துக்கு நத்தாருக்கு நத்தார் சொல்லுவார்கள். அவர் வாயைத் திறக்க முன்னமே நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. நான் கதை எழுதேல்லை. நேரம் கிடைக்கேல்லை."

"கதையோ?" என்றார். "ஓ, அதோ. அதுக்கென்ன தங்கச்சி. பிள்ளையளோட உமக்கு எங்க நேரம் எண்டு எனக்குத் தெரியும்தானே. அந்த நாலு பக்கத்தையும் நான் போன மாசமே விளம்பரத்துக்கு விட்டிட்டன்."

போன மாதம் நான் மூன்றாவது தாளில் இருந்தேன்.

"அதுக்குத்தான் எடுத்தனான்" என்றார். "நீர் தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஆள். அந்த விளம்பரங்களில எழுத்துப்பிழை கிடக்கோ எண்டு ஒருக்காப் பார்த்துத் தருவீரோ? பெரிய வேலை இல்லை, அரை மணித்தியாலம் காணும்."

"ஓம் அண்ணை, ஞாயிறு கொண்டுவாங்கோ" என்றேன்.